வினாவும் விடையும்: காவிரிப் படுகையின் குடிமனைச் சிக்கலும் சென்னைச் சட்டமன்றமும்

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். விடையை எட்டாக வகுத்தார். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் எனவரும் அறுவகை வினாவும், சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி எனவரும் எண்வகை விடையும் இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்தனவே. ஆசிரியனும் மாணாக்கனும், வணிகனும் கொள்வோனும் தம்முள் வழங்கும் உரையாடலை நோக்கி வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, சென்னைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் பயில்வார்க்கும் ஓர் அளவுகோலாக அமைதலை யாம் கண்டோம். உறுப்பினர் ஒருவர் எழுந்து, இன்ன வட்டத்தில் மனையற்றோர் எத்துணையர் என வினவுங்கால், அவ்வினாவின் வடிவம் அறியா வினா. ஆயின் வினவுவார் பெரும்பாலும் நிலைமையை அறிந்தே வினவுகின்றார். ஆதலின் உண்மையில் அஃது அறிவினா. இன்னும் ஆழ நோக்கின், அரசினிடமிருந்து ஒன்றனைப் பெறுதற்பொருட்டு எழுந்தமையின் கொளல் வினாவுமாம். ஒரு தொடரே மூன்று வினாவாய் நிற்கும் இந்நிலையை உணராதார், உறுப்பினரை அறியாதவராகவும் அரசினரை அறிவிப்போராகவும் கொண்டு மயங்குவர். வரலாற்று நூல்களில் இம்மயக்கம் அரிதன்று.

காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனை எவருடையது என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, 1921 முதல் 1971 வரையுள்ள காலத்தில் சட்டமன்றம் அதனை எதிர்கொண்ட வகையை இக்கட்டுரை ஆராய்கின்றது. வினா நேரத்தின் பயன் விடையில் இல்லை, அரசு தான் அறியாதிருந்த ஒன்றனை எழுத்தில் வைக்க நேர்ந்ததிலேயே உள்ளது என்பது எம் துணிபு. அவ்வெழுத்தை எழுதிய கை எவருடையது என்பதனையும் உடன் நோக்கல் வேண்டும்.

நோக்கு நிலையாகக் கூத்தாநல்லூரைக் கொள்வோம். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையே, வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் அமைந்த ஊர் இது. பழைய தஞ்சை மாவட்டத்தது. 1997இல் அமைந்த திருவாரூர் மாவட்டத்தை இன்று சார்ந்தது. ஒட்டக்கூத்தர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கூத்தனூர் பூந்தோட்டத்தை அடுத்துள்ள வேறோர் ஊர். இரண்டனையும் ஒன்றெனக் கொள்வார் சிலர் உளராதலின் இதனைக் கூற நேர்ந்தது. கூத்தாநல்லூர் முசுலிம் வணிகர் மிக்கது. மலேயா, சிங்கப்பூர், பர்மா முதலிய நாடுகளுக்குச் சென்று பொருளீட்டி மீண்டோர் எழுப்பிய மாடங்களால் 'சின்னச் சிங்கப்பூர்' எனவும் வழங்கப்படுவது. ஊரைச் சூழ்ந்தவை நெல் வயல்கள். அவ்வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கதிரறுத்தும் உயிர் வாழ்ந்தோரின் சேரிகள் அவற்றிடையே இருந்தன. கடல் கடந்த வாணிகமும் வரப்புக் கடவாத பண்ணையடிமையும் இவ்வாறு ஒரு கூப்பிடு தொலைவில் அடுத்தடுத்து நின்றன.

இப்பகுதியில் வாழ்ந்த ஒருவர் தம் குறையைச் சட்டமன்றத்தில் எழுப்புவிக்க விரும்பினால், அஃது எவரிடம் வினவப்படும்? இதற்கு விடை காணுமுன், வினவும் உரிமை வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டமன்றங்களில், ஆட்சித் துறையினரை வினவும் உரிமை உறுப்பினர்க்கு இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் வினவ இசைவளித்தது. விடையைப் பற்றி விவாதிக்க இசையவில்லை. 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம், முதல் வினாவை எழுப்பியவர் துணைவினா ஒன்றையும் எழுப்பலாம் என்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மன்றம் 1921இல் கூடியபின்னரே, துணைவினா எழுப்பும் உரிமை உறுப்பினர் யாவர்க்கும் உரியதாயிற்று. எழுதிக் கொடுத்த வினாவிற்கு எழுதி வைத்த விடையைப் படித்துவிட்டு அமர்ந்துவிடலாம்; துணைவினாவிற்கோ நின்ற நிலையில் விடை பகர்தல் வேண்டும். ஆகவே வினா நேரத்திற்கு உயிர் வந்தது துணைவினாவோடுதான் எனலாம்.

1921இல் வந்தது இரட்டையாட்சி. கல்வி, மருத்துவம், உள்ளாட்சி முதலியன மாற்றப்பட்ட துறைகளாய் அமைச்சர்பால் அமைந்தன. நிலவருவாய், நீர்ப்பாசனம், காவல் முதலியன ஒதுக்கப்பட்ட துறைகளாய் ஆளுநரின் நிருவாகக் குழுவினர்பால் நின்றன. ஆகவே கூத்தாநல்லூர்ப் பகுதியார்க்கு வாயில்கள் மூன்றாயின. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் பற்றிய வினா அமைச்சருக்குரியது. வெண்ணாற்று நீரும் நிலத்தீர்வையும் பற்றிய வினா நிருவாகக் குழுவினருக்குரியது; அவரை மன்றம் வாக்கினால் அகற்ற இயலாது. மலேயாத் தோட்டங்களுக்குக் கூலியாய்ச் சென்றோரைப் பற்றிய வினாவோ, 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் நடுவணரசின் பொறுப்பாதலின், டில்லியில் எழுப்பற்பாலது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவனைப் பற்றி டில்லியில் வினவுதல் வேண்டும். அவன் ஏறாது நின்ற வயலைப் பற்றிச் சென்னையில் வினவுதல் வேண்டும். இஃது அக்கால ஆட்சியமைப்பின் இயல்பு.

இனிச் சேரியின் நிலையைக் காண்போம். தாழ்த்தப்பட்டோர் நலத்தைப் பேணும் பொறுப்பு 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்துறையும் ஒதுக்கப்பட்ட பகுதியிலேயே நின்றது. எனவே சேரிப்பிள்ளை மாவட்டக் கழகப் பள்ளியில் சேர்க்கப்படாமை குறித்து வினவின் அமைச்சர் விடையிறுப்பார். அப்பிள்ளைக்கெனத் தொழிலாளர் துறை நடத்திய பள்ளி குறித்து வினவின் நிருவாகக் குழுவினர் விடையிறுப்பார். ஒரே பிள்ளையின் கல்வி இருவேறு வாய்களால் பேசப்பட்டது.

வினவினோர் யாவர் என்பது அடுத்து ஆராயற்பாலது. அக்கால வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டது, பண்ணையாளுக்கு வாக்கில்லை. தஞ்சைப் படுகையின் ஊர்ப்புறங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தோர் பெரும்பாலும் நிலமுடையார் நலன்களையே சார்ந்திருந்தனர். நீரும் தீர்வையும் பற்றி அவர்கள் வினவினர். அவை இன்றியமையா வினாக்கள் என்பதில் ஐயமில்லை. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும், 1925இல் தொடங்கி 1934இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையும் அவர்தம் வாழ்வோடு பிணைந்தவை. ஆயின் குடிமனை பற்றி அவர்கள் வினவக் காரணமில்லை. வினவின் தம்மையே வினவியவாறாகும். அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு ஆளுநரால் நியமிக்கப்பட்டு வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர்பாற் சென்றது. எம். சி. இராசா, இரட்டைமலை சீனிவாசன், சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிய சுவாமி சகஜானந்தர் ஆகியோர் இவ்வரிசையில் முன்னிற்போர். மன்றத்தின் முதற்பெண் உறுப்பினராகிய புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையாரும் நியமனத்தால் வந்தவரே என்பதை ஈண்டு நினைத்தல் தகும். வாக்களிப்போர் இல்லாதார் பொருட்டு வினவுதற்கு வாக்குப் பெறாதாரே வாய்த்தனர். நியமித்த அரசையே வினவ வேண்டியிருந்த இந்நிலையின் இடர்ப்பாட்டை எண்ணுவார்க்கு, அவ்வினாக்களின் அடக்கமான நடை கோழைமையாகத் தோன்றாது.

இனிப் பொருளுக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்துச் சேரிகள் இருவகை நிலத்தில் அமைந்திருந்தன. நத்தமெனக் குறிக்கப்பட்ட புறம்போக்கில் அமைந்தவை ஒருவகை. மிராசுதாரின் பட்டா நிலத்திலேயே, வயலோரத் திடலில் அமைந்தவை மற்றொரு வகை. படுகையில் இவை மிகுதி. பின்னைய வகையில், குடிசை வேய்ந்தவன் பண்ணையாள். அது நின்ற மண் பண்ணைக்குரியது. கூலி குறைவென்று கூறினும், வேறொருவர் வயலுக்குச் சென்றாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்னும் ஒரு சொல் போதும். அடியாளும் கசையும் செய்யாத வேலையை அச்சொல் செய்தது. பண்ணையாள் முறையின் ஆணிவேர் கடன் என்று பலர் எழுதியுள்ளனர். கடனினும் மனையே வலிதாயிருந்தது என்பது எம் கருத்து. கடனாளி இரவோடிரவாக ஓடிவிடலாம். பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் தங்கிய குடிலைத் தூக்கிக்கொண்டு ஓடுதல் இயலாது.

இதனையுணர்ந்தே, தொழிலாளர் துறை மனையிடம் வழங்கும் முயற்சியை மேற்கொண்டது. அம்முயற்சி தொடக்கத்திலேயே நடைபெற்ற இடங்களுள் தஞ்சை மாவட்டமும் ஒன்று. புறம்போக்காயின் நேரே வழங்கலாம். பட்டா நிலமாயின் 1894ஆம் ஆண்டு நிலக் கையகச் சட்டத்தின்படி விலை கொடுத்து எடுத்து, அவ்விலையைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகத் தவணை முறையில் தொழிலாளரிடமிருந்து பெறுதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தாம் வாழ்ந்த மண்ணைத் தாமே விலை கொடுத்து வாங்குமாறு வறியோர் பணிக்கப்பட்டனர். அதற்கும் மிராசுதாரர் எதிர்ப்பு எழுந்தது.

இம்முயற்சியைப் பற்றிய வினா மன்றத்தில் எழுந்தவுடன் நிகழ்ந்தது யாது? வினா தலைமைச் செயலகத்திலிருந்து கலெக்டருக்குச் சென்றது, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து கர்ணத்துக்கு. கோட்டையில் எழுந்த வினாவிற்கு விடை ஊர்ச் சாவடியில் எழுதப்பட்டது. கர்ணத்தின் அடங்கலும் சிட்டாவும் நிலத்தின் கணக்குகள். நிலம் உடையவன் பெயர், பயிர், தீர்வை ஆகியவற்றை உரைப்பன. பட்டா நிலத்தில் குடிசையிட்டிருந்தவனுக்கு அவற்றில் இடமில்லை. கர்ணம் வழிவழி உரிமையால் பணியாற்றியவர்; ஊரின் நிலமுடையாரோடு உறவாலோ ஊதியத்தாலோ நட்பாலோ கட்டுண்டவர். இத்தகையாரிடம், உங்கள் ஊரில் மனையிலிருந்து வெளியேற்றப்பட்டோர் உளரா எனக் கேட்டால், எத்தகைய விடை வரும்? அவ்விடையே படிப்படியாக மேலேறி, நிருவாகக் குழுவினரின் வாய்மொழியாய் அச்சேறியது. அரசின் விடை என நாம் படிப்பது பல இடங்களில் ஊர்ப் பெரியதனக்காரரின் விடையே. நடவடிக்கைக் குறிப்புகளைச் சான்றாகக் கொள்வோர் இப்படிநிலையை மறத்தல் கூடாது.

விடைகளின் இயல்பை நன்னூல் வழியில் நோக்குவோம். எண்வகையுள் சுட்டும் மறையும் நேரும் செவ்வனிறை எனவும், ஏனைய ஐந்தும் இறை பயப்பன எனவும் உரைப்பர். மன்றத்தில் செவ்வனிறை அரிது. ஒன்று செய்யப்படுமா எனக் கேட்டால், பொருள் ஆராய்வில் உள்ளது என்பர். இஃது உறுவது கூறலின் சாயல். மனையிடம் பற்றிக் கேட்டால், தோண்டிய கிணறுகளின் தொகை கூறுவர், இஃது இனமொழி. உறுப்பினர் எதன்மேல் இவ்வாறு கூறுகின்றார் எனத் திருப்பிக் கேட்பர். இது வினாவெதிர் வினாதல். எனினும் மன்றத்தில் பெருவழக்காய் நின்ற ஒரு விடை எட்டனுள் எதனுள்ளும் அடங்காது. அரசிடம் அதுபற்றிய செய்தி இல்லை என்பதே அது. உண்டு என்றலும் அன்று. இல்லை என்றலும் அன்று. பவணந்தியார் அரண்மனை வாயிலில் நின்று குறை கூறிப் பழகியவராயிருப்பின் இதனை ஒன்பதாவதாகச் சேர்த்திருப்பார் போலும்.

ஆயினும் அவ்விடையையும் பயனற்றதெனத் தள்ளிவிடுதல் தகாது. செய்தி இல்லை என ஒருமுறை அச்சிட்ட அரசு, அடுத்த கூட்டத்தில் அவ்வினா மீண்டும் எழுங்கால், செய்தி திரட்டப்படுகின்றது எனக் கூற நேரும். மூன்றாம் முறை ஏதேனும் ஒரு தொகையைக் கூறியே தீர வேண்டும். அத்தொகை குறைவுடையதாயினும், அடங்கலில் இல்லாத குடிசை அரசு ஏட்டில் ஏறிவிடும். ஒரே வினாவை ஆண்டுதோறும் எழுப்பியவரைச் சலிப்பூட்டுபவர் எனக் கருதிய அலுவலர் இருந்திருப்பர். எம் கணிப்பில், அவ்வாறு மீண்டும் மீண்டும் வினவியதே அவ்வுறுப்பினரின் அரசியல் திறம்.

வினாவினும் வலிய கருவி தீர்மானம். 1922 சனவரியில் எம். சி. இராசா கொணர்ந்த தீர்மானத்தின் விளைவாகப் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஏடுகளினின்று நீக்கி, ஆதிதிராவிடர் என வழங்குமாறு அவ்வாண்டு மார்ச்சில் ஆணை பிறந்தது. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இவ்வாணை தனியே ஆராயத்தக்கது. ஒரு மன்றம் ஓர் இனத்தின் பெயரை வாக்கெடுத்து மாற்றிய நிகழ்ச்சி தமிழ் வரலாற்றில் வேறு உண்டோ அறிகிலேம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானத்தையொட்டி, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் ஆணை அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் வெளிவந்தது. தடையில்லை என்பது வேறு. தடுப்பாரைத் தண்டிப்போம் என்பது வேறு. பின்னதற்குச் சட்டம் வேண்டியிருந்தது, 1938இல், எம். சி. இராசாவின் முயற்சியால், குடியுரிமைத் தடை நீக்கச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் அவர் கொணர்ந்த கோயில் நுழைவு மசோதாவை அன்றைய அரசு ஏற்கவில்லை. தெருவும் கிணறும் பொதுவாயின. குடிமனையோ தனியார் உடைமையாதலின் இவ்வாணைகளுக்கு எட்டாமல் நின்றது.

1937இல் இரட்டையாட்சி நீங்கி மாகாணத் தன்னாட்சி வந்தது. பூனா ஒப்பந்தத்தின்படி சென்னைச் சட்டப்பேரவையில் 30 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. முன்பு சட்டமன்ற உறுப்பினராய் இருந்த வி. ஐ. முனிசாமிப் பிள்ளை இராசாசி அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். வினவிய வரிசையினின்று விடையிறுக்கும் வரிசைக்குச் சென்றார். இதற்கு எதிர்வழியிற் சென்றவர் தஞ்சையின் ஏ. டி. பன்னீர்செல்வம். மாவட்டக் கழகத் தலைவராய்ச் சாலையும் பள்ளியும் நடத்தி, திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கு இடம் பெறத் துணைநின்று, பின் ஆட்சிக் குழுவிலும் அமர்ந்த அவர், 1937க்குப்பின் எதிர்வரிசையிலிருந்து இந்தித் திணிப்பை எதிர்த்து அமைச்சரவையோடு வாதிட்டார். 1940 மார்ச்சு முதல் நாள் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்த வானூர்தியோடு அவர் வாழ்வு முடிந்தது. இருவரிசையிலும் அமர்ந்தறிந்தவர் அவர். விடை எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதனை அறிந்தவர் வினவுங்கால் அதற்குத் தனிக் கூர்மை உண்டு.

இது நிற்க. மன்றத்தில் வினவுதற்கும் வெளியில் வினவுதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, கூத்தாநல்லூருக்கு அணித்தாயுள்ள நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் நிகழ்ந்தது ஒன்று போதும். ஆங்கு நடந்த காங்கிரசு மாநாட்டுப் பந்தியில் மற்றையோரோடு அமர்ந்துண்ட ஆதிதிராவிடத் தொழிலாளர் சிலர் அதன்பொருட்டு அடிக்கப்பட்டனர், தலை மழிக்கப்பட்டனர் என்னும் செய்தியை 'விடுதலை' வெளியிட்டது. அதன்மேல் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. மன்றத்துள் உரைப்பது குறித்து உறுப்பினர் மேல் வழக்கிடுதல் இயலாது. 1919ஆம் ஆண்டுச் சட்டமும் 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வுரிமையைக் காத்தன. இதழாசிரியர் அறமன்றத்தில் நின்று மெய்ப்பிக்க வேண்டியதனை, உறுப்பினர் வினாவாக்கி அரசையே விசாரிக்குமாறு செய்யலாம். வினா நேரத்தின் அருமை அதனை இழந்து நின்றாரிடம் தெளிவாகப் புலனாகின்றது.

வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் நடந்த முதற்பொதுத் தேர்தல் படுகையின் சார்பாளரை மாற்றியது. 1952இல் மன்னார்குடியிலிருந்து பொதுவுடைமைக் கட்சியின் மணலி கந்தசாமி தேர்ந்தெடுக்கப்பட்டார். வினவும் நாவும் வாக்களித்த கையும் இப்போதுதான் ஒன்றாயின. 1944ஆம் ஆண்டுக் களப்பால் உடன்பாடு, 1948ஆம் ஆண்டு மாயூரம் உடன்பாடு என வயலிலும் வரப்பிலும் நடந்த போராட்டங்கள் மன்றத்தின் உள்ளே வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் 1952ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாயிற்று. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குதலை அது தடுத்தது. ஓர் ஊரில் ஒரு வேலி, அஃதாவது 6⅔ ஏக்கர், அல்லது அதற்குக் குறைவாக நிலமுடையாரை அது கட்டுப்படுத்தவில்லை. பண்ணையாள் என்னும் சொல்லுக்குச் சட்டம் பாதுகாப்பளித்தமையின், நிலமுடையார் பலர் அச்சொல்லையே ஒழித்தனர். பழைய ஆட்களை நீக்கி நாட்கூலியாக்கினர். நாட்கூலி பண்ணையாள் அல்லனாதலின் சட்டத்தின் குடைக்கீழ் வாரான். ஆனால் அவன் குடிசை பழைய திடலிலேயே நின்றது. முன்பு ஆளுக்காக மனை தரப்பட்டது. இப்போது ஆள் வேண்டாதபோது மனை மட்டும் எதற்கு என்னும் கேள்வி நிலமுடையாரிடமிருந்து எழுந்தது.

இவ்வெளியேற்றத்தைத் தடுக்கவே 1961ஆம் ஆண்டின் 38ஆம் சட்டம் குடியிருப்போரை வெளியேற்றுதலினின்று காத்தது. குடியிருப்பு என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சட்டத்தின் பெயரிலேயே அப்படியே இடம் பெற்றது. அச்சொல்லின் பொருளை வேறு மொழியில் பெயர்க்க வரைவாளர் முயலவில்லை. காப்பு வந்தது, உரிமை வரவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசையுள் 44 உயிர்கள் எரியுண்டன. அதன்பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

1971ஆம் ஆண்டின் 40ஆம் சட்டமே குடியிருப்பின் உடைமையைக் குடியிருந்தோர்க்கு அளித்தது. முதலமைச்சராய் இருந்தவர் அதே படுகையின் திருக்குவளையிற் பிறந்த மு. கருணாநிதி. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப்பின் தமிழுக்கு ஆட்சியில் இடம் உறுதிப்பட்டிருந்தது. கோட்டையில் குடியிருப்புப் பற்றிப் பேசியோர் சேரியில் வழங்கிய சொல்லாலேயே பேச முடிந்தது. விடையை எழுதும் கை மாறுதற்கு மேலும் ஒன்பது ஆண்டு சென்றது. 1980இல்தான் கர்ணம் முதலிய வழிவழிப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாளில் குடியிருந்தோரைக் கணக்கிற் கொண்டது. 1952க்கும் 1961க்கும் இடையே திடலைவிட்டு வெளியேற்றப்பட்டு அந்நாளிற் குடிலின்றி நின்றோர் அக்கணக்கில் இல்லை.